தனிவாச வரி

வரி போடாதே என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களை என் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏன் வரி போடவில்லை என்று சண்டைக்கு வந்தவர் தாரணியம்மாள் ஒருவர்தான்.

என் பெயர் நவநீதன். வரிக்கருத்து ஆணையத்தில் கேட்பாளர், கோவை வடக்கு வட்டம். தை பிறந்ததும் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பது என் வேலை: "எதுக்குங்க அதிகமா வரி போடலாம்?" மக்கள் எதை அதிகம் சொல்கிறார்களோ அதற்கு அந்த ஆண்டு அதிக வரி. சட்டத்தின் சாரம் அவ்வளவுதான்.

முதலில் இயந்திரங்களை வைத்துத்தான் கேட்டார்கள். மக்கள் அவற்றை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். இயந்திரம் திட்டையும் கருத்தாக எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் அதிக வரி போடவேண்டியவற்றில் மூன்றாவது இடத்தில் 'உங்கப்பன்' வந்து நின்றது. வழக்குப் போட்டார்கள். கருத்தை மனிதக் காதுதான் கேட்கவேண்டும், யாரையும் அவசரப்படுத்தக் கூடாது, யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போகவேண்டும் என்று தீர்ப்பானது. தீர்ப்புச் சொன்னவர்களுக்கு என்ன, தேய்வது என் செருப்புதானே.

இத்தனை வருடம் கேட்டதில் ஒன்று தெரிந்துகொண்டேன். வரி என்றதும் எல்லார் விரலும் பக்கத்து வீட்டைத்தான் காட்டும். குடிக்காதவர் சாராயம் என்பார். குடிப்பவர் சர்க்கரை என்பார். சைக்கிள்காரர் காரைச் சொல்வார், கார்காரர் இரண்டு கார்காரரைச் சொல்வார். ஒரு வருடம் ஆயிரம் பேருக்கு மேல் பந்தி போடும் கல்யாணங்களுக்கு வரி விழுந்தது. கல்யாணப் பத்திரிகை வராத கோபத்தில் சொன்னவர்களே பாதிப் பேர் இருக்கும்.

அப்புறம் ஒரு வருடம் எங்கிருந்தோ கிளம்பி அந்தப் பதில் முதலிடத்துக்கு வந்தது. தனியாக இருப்பவர்களுக்கு வரி போடு. ஒரே ஆளுக்கு ஒரு முழு வீடு, ஒரு முழு விளக்கு, ஒரு தொட்டித் தண்ணீர், இது அநியாயம் இல்லையா என்று தொலைக்காட்சிகள் பேசின. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் குடும்பங்கள் வயிற்றெரிச்சலில் சொன்னது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தனிவாச வரி வந்தது. கூடவே ஒரு பிரிவையும் சேர்த்தார்கள்: தனியாக இருப்பவர் அறுபதைத் தாண்டியவர் என்றால் வரி அவருடைய பிள்ளைகள் பெயரில் போகும்.

யார் தனியாக இருக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக்குள் கேமரா என்றதும் ஊர் கொதித்துவிட்டது. அதனால் மூச்சை எண்ணினால் போதும் என்று முடிவானது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு மூச்சுமானியை ஒவ்வொரு வீட்டிலும் மாட்டினார்கள். இரவில் வீட்டுக் காற்றில் சேரும் கரியமில வாயுவை அளந்து, உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று காலையில் எண்ணாகக் காட்டும். பெரும்பாலும் ஒன்று என்றே காட்டினால் வரி. அந்த மானிகளில் வரும் பிழைகளைத் திருத்துவது, தை மாசி போக மீதி மாதங்களில் எனக்கு வேலை.

என் வீட்டு மானியும் ஒன்றுதான் காட்டும். எனக்கு அறுபது ஆகவில்லை, என் வரியை நானே கட்டுகிறேன். அறுபது ஆனாலும் நானேதான் கட்டவேண்டும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

தாரணியம்மாளின் வீடு விளாங்குறிச்சியில், நாலாபுறமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் விற்கப்படாமல் நிற்கும் ஒரு மாடி வீடு. புகார் வந்து நான் போனபோது அவர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல்.

"ஏனுங் தம்பி, உங்க பொட்டி ஒழுங்கா எண்ணாதுங்களா? ரெண்டு ரெண்டுன்னு காட்டுது. இங்க ஏதுங் ரெண்டு? எங்கூட்டுக்காரர் போயி எட்டு வருசமாச்சு."

"நாய், பூனை ஏதாவது வளக்கறீங்களாம்மா?"

"எனக்கே மூச்சு வாங்குது, இதுல நாய் வேறயா?"

இதில் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. ஒண்டிப்புதூரில் ஒருவர் வாடகைக்குக் கன்றுக்குட்டி வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். ஆனால் ஏமாற்றுகிறவர் தானே புகார் கொடுக்கமாட்டார். நான் அறை அறையாகத் தேடினேன். மாடி அறை, குளியலறை, கட்டிலுக்கு அடி. அம்மாள் பின்னாலேயே வந்தார்.

"யாராச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க தம்பி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒரு வாய் காப்பி வெச்சுக் குடுக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மானியை அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, மூடி போட்ட ஒரு பெரிய எவர்சில்வர் போசி. மூடியைத் தூக்கினேன். இட்லி மாவு. இரவில் பொங்கி மேலே வந்து, குமிழி குமிழியாக உடைந்துகொண்டிருந்தது. என் கைக்கருவியை அதன் மேல் பிடித்தேன். கீச்சென்று கத்தி, ஒரு ஆள் மூச்சு என்று காட்டியது.

"அம்மா, உங்க வீட்டுல இன்னொரு ஆள் இதுதான்."

"மாவுங்களா?"

"மாவு புளிக்கறப்ப நாம விடற அதே காத்தைத்தான் அதுவும் விடும். இந்தக் கருவியைச் செஞ்சவங்க ஊர்ல ராத்திரி மாவு ஆட்டி வெக்கற பழக்கம் இல்ல போலிருக்கு. அதுக்கு இதும் மூச்சு, அதும் மூச்சு."

அவர் போசியை எட்டிப் பார்த்தார். ஏதோ பேசும் என்று எதிர்பார்த்தவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு மாவு?"

"ஒரு ஆளுக்கு ஆட்ட எங்க கிரைண்டர்ல முடியாதுங். ரெண்டு படிக்குக் கொறஞ்சாக் கல்லு வெறுமனே சுத்தும். எங்கூட்டுக்காரரு, பையன், மாமனார் மாமியார்னு இருந்தப்ப வாங்குனது. இப்ப பக்கத்துல குடுப்பேன். அவங்களும் பாக்கெட் மாவுக்குப் போயிட்டாங்க. மிச்சத்தை ஊத்திப்போடறதுதான்."

நான் கருவியை மடித்தேன். சட்டப்படி அப்போதே பிழையைப் பதிந்து, மானியை வேறு இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். ஆனால் மனசு வரவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? புகாரைத் திரும்ப வாங்கிக்கங்க. நான் பாத்தேன், எல்லாம் சரியா இருக்குன்னு போயிடறேன். உங்க பையனுக்கு வரி மிச்சம். யாருக்கும் நஷ்டமில்ல."

அவர் முகம் மாறியது. "அதெல்லாம் வேண்டாமுங். அவம் பேருக்கு வரி போகோணும்."

"பையன் மேல கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங். அவன் வரட்டும்னுதான்."

மகன் பெயர் யுகன். இருப்பது ஓசூரில். அப்படி ஒன்றும் கண்காணாத தேசமில்லை. செய்வது திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை, அதை விளாங்குறிச்சி மாடி அறையில் உட்கார்ந்தும் செய்யலாம். போன தீபாவளிக்கு வரவில்லை. அதற்கு முந்தியதற்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், மாத்திரை போட்டாயா என்று கேட்பான், வைத்துவிடுவான்.

"நீங்களே வான்னு ஒரு வார்த்தை சொல்லலாமே?" என்று கேட்டேன்.

"நான் வான்னா, அம்மா பாரமாயிட்டான்னு ஆயிருமுங். சர்க்கார் வான்னா அது சட்டம். சட்டத்துக்காக வந்தேன்னு அவனும் அவம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்கலாம். யாருக்கும் கௌரவக் கொறச்சல் இல்லீங்." அவர் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்குத்தானே நான் இந்த வரியவே கேட்டேன்."

"நீங்க கேட்டீங்களா?"

"மறந்து போச்சுங்களா? நீங்கதான் வந்து, எதுக்கும்மா அதிகமா வரி போடலாம்னு கேட்டீங்க. தனியா இருக்கறவங்களுக்குப் போடுங்கன்னு சொன்னேன். நான் மட்டுமில்லீங், காத்தால எங்கூட நடக்க வர்றவங்க அத்தனை பேரும் அதைத்தான் சொன்னாங்க. பேசிவெச்சுச் சொல்லலீங். ஒவ்வொருத்தரும் அவங்கவங்களாத்தான் சொல்லியிருக்கறாங்க. பொறகு ஒருநா பேச்சுவாக்குல தெரிஞ்சுது."

அந்த வருடம் அந்தப் பதிலைச் சொன்ன வீடுகளை நினைத்துப் பார்த்தேன். முகங்கள் ஞாபகமில்லை, இந்த உத்தியோகத்தில் முகங்கள் தங்குவதில்லை. வாசல்கள்தான் ஞாபகம் வந்தன. கதவு திறக்கும்வரை குனிந்து நிற்பவனுக்கு வாசல்தானே தெரியும். அந்த வாசல்களில் எல்லாம் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஊரெல்லாம் பொறாமை என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டைக் காட்டாமல் தன் வீட்டையே காட்டிய விரல்களை நான் ஒருவன்தான் நேரில் பார்த்தவன், எனக்கும் தெரியவில்லை.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்த வரி வந்த பிறகு, திரும்பி வந்த பிள்ளைகளை என் வட்டத்தில் நான் பார்க்கவில்லை. கட்டுகிறார்கள். பெரும்பாலும் படித்துக்கூடப் பார்ப்பதில்லை, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போகிறார்கள். அதை அந்த அம்மாளிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

"ஒருவேளை... அவர் பாட்டுக்கு வரியக் கட்டிட்டு இருந்துட்டா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம் பையனத் தெரியாதுங்க உங்களுக்கு. கஞ்சன். பள்ளிக்கோடம் போறப்ப ஐஸ் வாங்கக் காசு குடுத்தா, மத்தியானம் அதை அப்படியே கொண்டாந்து குடுப்பான். சும்மா ஒரு வரியக் கட்ட அவனுக்கு மனசு வராது. கணக்குப் போட்டுப் பாத்துட்டுப் பொட்டியத் தூக்கிட்டு வந்துருவான் பாருங்க."

மகனின் கஞ்சத்தனத்தை இவ்வளவு ஆசையாகச் சொன்ன அம்மாவை நான் பார்த்ததில்லை.

பிழையைப் பதிந்தேன். மானியைக் கழற்றி, அடுக்களைக்கு எட்டாத தூரத்தில் முன்னறைச் சுவரில் மாட்டினேன். பழைய அளவுகளில் மாவின் மூச்சைக் கழித்ததும் ஒன்று என்று வந்தது. அம்மாள் அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"நான்தான் சண்டை போட்டு மாத்தச் சொன்னேன்" என்றார். "ஆனா ரெண்டுன்னு இருந்தப்ப, காத்தால எந்திரிச்சு வந்து அதைப் பாக்கறதுக்கு ஒரு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சுங்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மனசு சரியில்லை.

அதற்குப் பிறகு அவர் புகார் எண்ணில் என்னை இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். அறிவிப்பு போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். மாடி அறை மின்விசிறிக்குப் புது இறக்கை போட்டிருப்பதாகச் சொன்னார். பருத்தி மெத்தை நல்லதா, ரப்பர் மெத்தை நல்லதா என்று ஒருமுறை கேட்டார். முதுகு வலிக்கிறவர்களுக்குப் பருத்திதான் நல்லது என்றேன். இது ஆணையத்தின் வேலையில் வராது. இருந்தாலும் அவர் எண் வந்தால் நான் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன். எனக்கு வேறு யாரும் கூப்பிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மானியைத் தூரத்திலிருந்தே பார்க்க எனக்கு அதிகாரம் உண்டு. நான் பார்க்கவில்லை. பயம்தான்.

தை பிறந்தது. கேள்வியோடு தெருத் தெருவாகப் போகிறபோது விளாங்குறிச்சியும் வந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு.

"வாங் தம்பி, உக்காருங்" என்றார். குரலில் பழைய கணீர் இல்லை. முன்னறையில் சுவரோடு சாய்த்து ஒரு புது மெத்தை நின்றது, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல். மேலே மானியில் ஒன்று.

அவரே சொன்னார்.

"கணக்குப் பாக்கறவன்னு சொன்னேனில்லீங். பாத்துட்டான். மொத்தமாக் கட்டினாத் தள்ளுபடி உண்டாமே? அஞ்சு வருசத்துக்குச் சேத்துக் கட்டிப்போட்டான்."

தள்ளுபடி இருப்பது எனக்குத் தெரியும். அதை அறிவிப்பின் கடைசி வரியில் அச்சடித்து அனுப்புவது எங்கள் அலுவலகம்தான்.

"போன் பண்ணுனானுங். அம்மா, இனிமே நீ எதுக்கும் கவலப்படாத, அஞ்சு வருசத்துக்கு ஒருத்தனும் உன்ன வந்து ஒண்ணும் கேக்கமாட்டான்னான். சந்தோசமாத்தான் சொன்னான். எனக்கு நல்லது பண்ணிப்போட்டதாத்தான் நெனைக்கறான். நான் என்னன்னு சொல்றதுங்? சரி சாமின்னு வெச்சுட்டேன்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எதையாவது சொல்லத் தோன்றியிருக்கும். தெருவில் ஒரு குளிர்பெட்டி வண்டி பாக்கெட் மாவு விற்றுக்கொண்டு போனது. இரண்டு பேரும் அது தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உங்க வேலையப் பாருங்க தம்பி. கேள்வியக் கேளுங்க."

"எதுக்கும்மா அதிகமா வரி போடலாம்?"

"மத்தவங்கெல்லாம் என்ன சொல்றாங்க?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"சும்மா சொல்லுங். நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

சொன்னேன். பறக்கும் டாக்சிக்கு என்கிறார்கள், சத்தமாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு என்கிறார்கள், பட்டாசுக்கு, பாக்கெட் மாவுக்குக்கூட ஒருவர் சொன்னார் என்றேன். கடைசியாகச் சொன்னது பொய். அவர் லேசாகச் சிரித்தார். அதற்காகத்தான் சொன்னேன்.

பிறகு வெகுநேரம் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று நான் கருவியைத் தயாராக வைத்திருந்தேன்.

"யோசிச்சுத்தான் சொல்லோணுமுங்" என்றார். "அடுத்த வாரம் வாங்க."

அந்த வாரம் அந்தப் பகுதியில் அந்தப் பதிலைச் சொன்ன எத்தனையாவது ஆள் அவர் என்று தெரியவில்லை. யோசிச்சுச் சொல்றேன், அப்புறம் வாங்க. காலையிலிருந்து கேட்டுக் கேட்டு எரிச்சலில் இருந்தேன். வருடா வருடம் இது கூடிக்கொண்டே வருகிறது, மக்களுக்குச் சோம்பல் முற்றிவிட்டது என்று மேலிடத்துக்குக் குறிப்புக்கூட எழுதியிருந்தேன். அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான், அப்படிச் சொன்னவர்களின் வாசல்களும் ஒற்றை ஜோடிச் செருப்போடு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் யாருக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. பதில் சொல்லிவிட்டால் நான் அப்புறம் வரமாட்டேன், அவ்வளவுதான்.

"சரிங்கம்மா. அடுத்த வாரம் வர்றேன். அவசரமில்ல, நல்லா யோசிங்க."

"அப்பவும் தோணலீன்னா?"

"அதுக்கடுத்த வாரம்."

அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்குப்போசி, மூடி போட்டது. "மத்தியானம்தான் ஆட்டுனது. இன்னைக்கு ராத்திரி வெளியவே வெச்சிருங்க, காத்தால தோசை ஊத்தலாம். கீழ ஊத்தறதுக்கு நீங்களாச்சும் தின்னுட்டுப் போங்க."

வேலை நேரத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று விதி. வாங்கிக்கொண்டேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கணபதி நிறுத்தம் தாண்டும்போது தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

என் வீட்டில் மானி அடுக்களை மேடைக்கு மேலே இருக்கிறது. மேடையைத் தவிர மாவை வைக்க வேறு இடமில்லை. இருந்தது; பொய் சொல்வானேன். வாசலுக்குப் பக்கத்தில் முக்காலி இருந்தது, ஜன்னல் விளிம்பு இருந்தது. நான் மேடையில்தான் வைத்தேன், மானிக்கு நேர் கீழே.

காலையில் எழுந்து பல் துலக்காமல் போய்ப் பார்த்தேன். இரண்டு.

இருபது வருடத்தில் அந்தச் சுவர் அந்த எண்ணைக் காட்டியதில்லை என்று எழுத நினைத்தேன். மானி வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் அப்படித்தான் தோன்றியது.

கோவை வடக்கு வட்டத்தில் இப்படி ஓர் எண் வந்தால், வீட்டுக்கு நேரில் போய், காரணத்தைக் கண்டுபிடித்து, பிழை என்று பதியவேண்டிய அலுவலர் நான்தான். கைக்கருவி மேசைமேல் இருந்தது. அதை எடுக்கவில்லை. காப்பி போட்டேன். ஏதோ ஞாபகத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

போசியின் மூடியைத் திறந்தேன். மாவு நன்றாகப் பொங்கி, விளிம்பு வரை வந்திருந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய சத்தம் கேட்கிறது. இதுவரை நான் கேட்டதில்லை.

கல்லை அடுப்பில் வைத்தேன், சூடானது. எண்ணெய் தடவினேன். கரண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, போசியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். நல்ல பசி. இருக்கட்டும், மத்தியானம் ஊற்றிக்கொள்ளலாம்.